கோட்டை விடுதியில் ஓர் இரவு: கொடுக்கும் வாடகைக்குத் தகுமா?

கேள்வி – 9 நவம்பர் 2025, ஞாயிறு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் வருகிறது. ராஜஸ்தானில் கோட்டைகளையே விடுதியாக்கி வைத்திருக்கிறார்களே, அதில் ஓர் இரவாவது படுத்தெழ வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. விசாரித்துப் பார்த்தால், ஓர் இரவுக்குக் கேட்கும் தொகை எங்கள் இரண்டு மாத வீட்டு வாடகைக்குச் சமமாக இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் யாராவது அப்படித் தங்கியிருக்கிறீர்களா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா, அல்லது கல் சுவர் வைத்த லாட்ஜ்தானா?

பதில் – 9 நவம்பர், இரவு 10.40

தங்கியிருக்கிறேன். சென்ற ஜனவரியில், மனைவியும் மகளும் நானுமாக, இரண்டு இரவுகள். ஜெய்ப்பூரிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தொலைவில், சிற்றூர் ஒன்றின் தலைக்கு மேலே குன்றில் நிற்கிற கோட்டை அது. பெயரைச் சொல்லப்போவதில்லை; குறைகளையும் எழுதவிருக்கிறேன்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: முதல் இரவுக்குத் தகும், இரண்டாம் இரவுக்குத் தகாது. முதல் நாளில் நீங்கள் பணம் கொடுப்பது அறைக்காக அன்று. அறைக்குப் போய்ச் சேரும் வழிக்காக. குன்றின் மேல் ஏறும் பாதை வாசலுக்கு நேராக வருவதில்லை. மதிலை ஒட்டியே வந்து, சட்டென்று வலப்பக்கம் திரும்பினால்தான் கதவு தெரிகிறது. யானையை ஓட்டிவந்து கதவை முட்டுவதற்கு ஓட்டத் தொலைவு கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த திருப்பம் அது. கதவில், என் தலைக்கு மேலே, யானையின் நெற்றி வரும் உயரத்தில் மட்டும் இரும்பு முட்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் மீது சிட்டுக்குருவி உட்கார்ந்திருந்தது. பெரிய கதவை எங்களுக்காக யாரும் திறக்கவில்லை. அதற்குள் இருந்த திட்டிவாசல் வழியாகக் குனிந்துதான் உள்ளே போனோம். அட்வான்ஸ் கட்டிவிட்டு வருகிறவரையும் குனியவைக்கும் கதவு எனக்குப் பிடித்திருந்தது.

அங்கிருந்து அறைக்கு நூற்றிருபது படிகள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

10 நவம்பர், காலை 6.15

நேற்று தூக்கக் கலக்கத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எங்களுக்குக் கிடைத்த அறை கோட்டையில் இல்லை.

கோட்டையின் பின்பக்கம், பழைய குதிரை லாயம் இருந்த இடத்தில் அண்மையில் கட்டிய பகுதியில் இருந்தது. சுவரில் அதே மஞ்சள் கல்லை ஒட்டியிருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே செங்கல் என்று காது சொல்லிவிட்டது. கேட்டபோது, இதுவும் கோட்டை வளாகம்தான் என்றார் மேலாளர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. சுற்றுலா அமைச்சகம் ஒரு விடுதியைப் பாரம்பரிய விடுதி என்று வகைப்படுத்துவதற்கு, கட்டடம் 1950க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். 'கிளாசிக்', 'கிராண்ட்' வகைகளுக்கு 1935க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். ஆனால் தளப் பரப்பில் பாதியாவது பழையதாக இருந்தால் போதும். மற்றப் பாதியில் படுக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம்.

ஆகவே பதிவு செய்யும்போது "கடல் பார்த்த அறையா, குன்று பார்த்த அறையா" என்ற கேள்விகளை விட்டுவிட்டு, அறை பழைய பகுதியிலா புதிய பகுதியிலா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (ராஜஸ்தானில் கடல் ஏது என்று என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள். காசிமேட்டுக் காற்று வாங்கி வளர்ந்தவனுக்குக் கை அப்படித்தான் போகும்.)

இரண்டாம் நாள், சண்டை போட்டு, பழைய பகுதிக்கு மாறினோம். அங்கே சுவரின் கனம் என் கை நீளத்தைவிடக் கூடுதல். ஜன்னல் மேடையில் காலை நீட்டி உட்கார்ந்தால் பாதம் வெளிவிளிம்பைத் தொடவில்லை. பூச்சு சுண்ணாம்புப் பூச்சு. நீறிய சுண்ணாம்பைப் பல மாதம் ஊறவைத்து, பளிங்குப் பொடி சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரிந்திருக்கும். கன்னத்தை வைத்துப் பார்த்தேன், மனைவி பார்க்காத நேரத்தில்.

10 நவம்பர், மதியம் 1.05

"ராஜாக்களுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை 1971இல் நிறுத்திவிட்டார்கள் அல்லவா, அதன் பிறகு கூரையைப் பழுதுபார்க்கவே வழியில்லாமல்தான் அரண்மனைகளை விடுதிகளாக்கினார்கள்.

10 நவம்பர், மாலை 4.30

மேலே எழுதியது பாதிதான் சரி. ஜெய்ப்பூர் ராம்பாக் அரண்மனை 1957லேயே விடுதியாகிவிட்டது. உதய்ப்பூர் ஏரி அரண்மனை 1963இல். மானியம் வந்துகொண்டிருந்த காலத்திலேயே கணக்குப் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நீம்ரானா கோட்டையின் கதை இன்னும் வேறு: 1464இல் தொடங்கிய கோட்டை, இடிந்து கிடந்த நிலையில் வெளியாட்கள் வாங்கிச் செப்பனிட்டு, 1991இல் விடுதியாகத் திறந்தார்கள். அவசரப்பட்டு ஆண்டு சொல்லக் கூடாது என்பதற்கு என்னையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

11 நவம்பர், காலை 5.20

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்னை ஏழுகிணற்றில் பிறந்தவனுக்கு ஐந்து மணிக்கு மேல் தூக்கம் வராது. எங்கள் சந்தில் அடி பம்பில் காற்று வாங்காமல் தண்ணீர் வருவது அந்த ஒரு மணி நேரம்தான். சின்ன வயதில் குடம் வரிசை போட்ட பழக்கம், இப்போது மோட்டாரும் சம்ப்பும் வந்த பிறகும் உடம்பை விட்டுப் போகவில்லை. கோட்டையிலும், அறை மாறுவதற்கு முந்தைய காலையில், ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டேன். விழித்ததும் காதில் விழுந்தது மயில் அகவலும் இல்லை, கோயில் மணியும் இல்லை, டிராக்டர் சத்தம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தேன். குன்றின் அடியில், மதிலை ஒட்டி, டிராக்டர் இழுத்து வந்த தண்ணீர் டேங்கர் நின்றுகொண்டிருந்தது. ஒருவர் தடித்த குழாயை இழுத்துப் போய் மதிலின் அடியில் இருந்த ஓட்டைக்குள் செருகினார். அது பீரங்கிக்காக வைத்த ஓட்டையா, மழைநீர் வடிவதற்கு வைத்ததா என்று தெரியவில்லை. இப்போது குழாய் நுழைய வசதியாக இருக்கிறது. குழாய்க்கும் டேங்கருக்கும் இடையே ஒழுகிய இடத்தில் அவர் ஈரச் சாக்கைச் சுற்றி, கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரிக்காரரும் அச்சு அசலாக அப்படித்தான் நிற்பார். ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளிப் போய், யானைக் கதவுக்குள் குனிந்து நுழைந்து, நூற்றிருபது படி ஏறி, கடைசியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது லாரித் தண்ணீரை.

திரும்பி அறைக்குள் பார்த்தால் குளியலறையில் வெள்ளைத் தொட்டி, ஆள் படுக்கும் அளவுக்கு. எனக்கு அதை நிரப்ப மனம் வரவில்லை. மனைவிக்கும் வரவில்லை. மகள் நிரப்பினாள், கேட்டதற்கு, "வாடகை கொடுத்தோமே அப்பா" என்றாள். அவள் சொன்னதிலும் தவறில்லை. ஆனால் தொட்டி பாதி நிரம்பும் முன்னே வெந்நீர் தீர்ந்துவிட்டது. வரவேற்பறைக்குப் போன் செய்தோம். இருபது நிமிடம் கழித்து, வயதானவர் ஒருவர் கீழிருந்து இரண்டு வாளி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார், மூச்சு வாங்கியது, தலைப்பாகையும் பொத்தான் வைத்த கோட்டும் விடுதிச் சீருடை. மகள் அன்று குளிக்கவில்லை.

11 நவம்பர், காலை 8.50

மனைவி முழுவதையும் படித்தார். நூற்றிருபது படி என்பது கட்டுக்கதையாம். பாதி வழி யானை ஏறுவதற்கு அமைத்த சரிவுப் பாதை, அதைப் படி என்று எண்ணக் கூடாது; உண்மையில் தொண்ணூறு படிதான் என்கிறார். எண்ணினாயா என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கியது யார் என்று திருப்பிக் கேட்டார்.

12 நவம்பர், இரவு 9.30

அண்ணன் மறுபடி கேட்டிருக்கிறார்: "அப்படியானால் ஜைசல்மேர் கோட்டைக்குள்ளே சின்னச் சின்ன விடுதிகள் இருக்கின்றனவே, வாடகையும் குறைவு, அங்கே போகலாமா?"

தாராளமாகப் போகலாம். 1156இல் எழுந்த கோட்டை, மணற்கல், 99 கொத்தளங்கள்; அதைவிட முக்கியம், இன்றும் மக்கள் குடியிருக்கிற கோட்டை அது. உள்ளே வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, மளிகைக் கடை இருக்கிறது. சீருடை போட்ட அரச பாவனை எதுவும் இல்லாமல், ஒரு தெருவில் தங்கிய மாதிரி இருக்கும். நானாக இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

13 நவம்பர், காலை 5.45

தேர்ந்தெடுக்க மாட்டேன். நேற்று இரவு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், அழிக்கவில்லை, இருக்கட்டும்.

டேங்கரைப் பற்றி அத்தனை எழுதிவிட்டு, ஜைசல்மேரில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை மறந்துபோனேன். அந்தக் கோட்டை ஆண்டுக்குச் சில மழை மட்டுமே பார்க்கும் பாலைவனத்துக்காகக் கட்டியது. குன்றின் அடித்தளத்தில் களிமண் கலந்த மென்மையான பாறை இருக்கிறது. குடத்தில் தண்ணீர் தூக்கி வாழ்ந்தவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழாய் வந்தது, கழிப்பறைகள் வந்தன, பிறகு விடுதிகள் வந்து, தங்குகிறவர் ஒவ்வொருவரும் ஊரில் குளிப்பதுபோல் குளிக்கத் தொடங்கினார்கள். ஒழுகும் குழாயும் சாக்கடையும் அடியில் இறங்கி, களிமண் இளகி, மதிலும் கொத்தளமும் சரிந்த இடங்கள் உண்டு. ஆபத்திலிருக்கும் நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1990களிலேயே அந்தக் கோட்டையைச் சேர்த்துவிட்டார்கள். 2013இல் ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது அதுவும் ஒன்று.

பகைவர் பீரங்கியில் விழாதது, விருந்தாளியின் குளியலில் விழுகிறது. ஜைசல்மேர் போனால் கோட்டைக்குள் பகலெல்லாம் சுற்றுங்கள், உள்ளேயே சாப்பிடுங்கள், அவர்களிடம் பொருள் வாங்குங்கள். இரவுக்குக் கீழே ஊரில் அறை எடுங்கள். கீழே இருந்து பார்த்தால்தான் கோட்டையும் தெரியும்.

13 நவம்பர், இரவு 11.10

"பழைய ராஜாக்கள் மட்டும் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?" நல்ல கேள்வி. சேர்த்தார்கள். ஜெய்ப்பூருக்கு மேலே ஜெய்கர் கோட்டையில் சுற்றுமலையில் பெய்யும் மழையைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து நிலத்தடித் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். பெரிய தொட்டி 60 லட்சம் கேலன் பிடிக்கும் என்று அங்கே சொல்கிறார்கள். சித்தூர்க் கோட்டையில் ஒரு காலத்தில் 84 நீர்நிலைகள் இருந்தனவாம். இன்று மிஞ்சியவை இருபத்துச் சொச்சம்.

நாங்கள் தங்கிய கோட்டையிலும் முற்றத்தின் அடியில் அப்படியொரு தொட்டி உண்டு; 'டாங்கா' என்கிறார்கள். வாயைக் கம்பி வலையால் மூடி, அதன் மேல் மேசை போட்டு, மாலையில் தேநீர் கொடுத்தார்கள். நிரம்புகிறதா என்று கேட்டேன். மொட்டைமாடியில் உணவகம் கட்டியபோது மழைநீர் வரும் வழி அடைபட்டுவிட்டதாகப் பரிமாறிய பையன் சொன்னான். என் குறைப் பட்டியலில் செங்கல் சுவரைவிட இதுதான் மேலே நிற்கிறது.

15 நவம்பர், சனி, மாலை

இரண்டு நாளாக இழையில் ஒரே சண்டை: தமிழ்நாட்டில் கோட்டையே இல்லையா, ராஜஸ்தான் வரை போக வேண்டுமா என்று. இருக்கிறது, படுக்கத்தான் இடமில்லை. செஞ்சியில் கல்யாண மகாலின் மேல்மாடிக்கு மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியது என்பார்கள். இந்த ஜூலையில் செஞ்சிக்கும் யுனெஸ்கோ பட்டம் வந்துவிட்டது. அங்கே ராஜகிரிக் குன்றின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து, லாட்ஜில்தான் தூங்க வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கோட்டை இன்று முட்புதர் மூடிய மேடு.

உண்மையில் கோட்டைக்குள் படுத்தெழுந்தவர் எங்கள் குடும்பத்தில் என் மாமனார்தான். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் பயணியர் மாளிகையாக இருந்தது. 1978இல் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. மாமனார் பொதுப்பணித் துறையில் எழுத்தர். எழுபதுகளின் தொடக்கத்தில் அலுவல் நிமித்தம் போய், அங்கே ஓர் இரவு தங்கினாராம். சோழ மண்டலக் கடல் சுவருக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் முட்டிக்கொண்டிருந்தது, வௌவால்கள் பறந்தன, காவலாளி குளிக்க ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "ஐயா, இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார். அந்த ஒரு வாளியில் குளித்து, துவைத்து, மிச்சத்தில் முகம் கழுவிக்கொண்டு அலுவலகம் போனதை ஐம்பது ஆண்டாகச் சொல்கிறார். நான் கொடுத்த வாடகையைக் கேட்டுவிட்டு அவர் பேசவில்லை. விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்.

16 நவம்பர், ஞாயிறு, காலை 5.30

புனித ஜார்ஜ் கோட்டையை மறந்துவிட்டோம் என்று ராயபுரத்திலிருந்து ஒருவர் குத்திக்காட்டியிருக்கிறார். மறக்கவில்லை. அதற்காகத்தான் ஐந்து மணியிலிருந்து விழித்திருக்கிறேன்.

அந்தக் கோட்டையின் தண்ணீர் என் தெருவிலிருந்து போனது. எங்கள் பேட்டைக்கு ஏழுகிணறு என்று பெயர் வந்ததே அதனால்தான். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது, வடக்கே இருந்த ஊரை, அதாவது எங்கள் பாட்டன் பூட்டன் இருந்திருக்கக்கூடிய ஊரை, பிடித்துக்கொண்டுதான் அடித்தார்கள். கடற்கரை மணலில் நின்ற கோட்டைக்கு நல்ல தண்ணீர் வெளியிலிருந்து சுமந்து வந்தாக வேண்டிய காலம் அது. 1772இல் பேக்கர் என்ற கேப்டனின் திட்டப்படி எங்கள் பகுதியில் கிணறுகள் வெட்டி, இறைத்து, குழாய் வழியாகக் கோட்டைக்கு அனுப்பினார்கள். மதிலும் அப்படியே: ஹைதர் அலி வருவான் என்ற அச்சத்தில் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு ஊராரிடமே வரி வாங்கப் பார்த்தார்கள், வரி ஒழுங்காக வசூலாகவில்லை, 'மதில் வரி' என்று பொருள்படும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் வசூலாகிவிட்டது. அந்த மதிலில் மிஞ்சிய துண்டின் மேல்தான் மாடிப் பூங்கா இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன் அங்கே காற்று வாங்கியிருப்பார். ஓர் இரவு அங்கே தூங்கியும் இருப்பார், வாடகை இல்லாமல்.

என் பாட்டி, ஏழுகிணறு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டே இரண்டு தெரு தள்ளிக் குடத்தோடு போவாள். "கிணறு நம்மளுது, தண்ணி வெள்ளைக்காரனுது" என்பாள். வெள்ளைக்காரன் போய் முப்பது ஆண்டு ஆன பிறகும் அப்படித்தான் சொன்னாள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ராஜஸ்தான் குன்றின் அடியில் ஊர் ஒன்று இருக்கிறது என்று முதல் வரியில் எழுதினேன் அல்லவா, இரண்டாம் நாள் மாலையில் அங்கே இறங்கிப் போனோம். ஒரு குழாயடி, ஏறத்தாழ முப்பது குடங்கள், பித்தளை, பிளாஸ்டிக், பெயின்ட் டப்பா. வரிசையில் நின்ற பெண் ஒருவர் என் மனைவியைப் பார்த்து, மேலே கோட்டையைக் காட்டி, ஏதோ கேட்டார். இருவருக்கும் மொழி தெரியாது. என் மனைவி ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று இரவு தொட்டிக்குத் தண்ணீர் திறக்க மகளே கைவைக்கவில்லை.

16 நவம்பர், மதியம்

இல்லை, "ஆகவே போகாதீர்கள்" என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். வாளி சுமந்த பெரியவருக்கும் டேங்கர் ஓட்டியவருக்கும் அந்த விடுதிதான் சம்பளம். விடுதி இல்லாவிட்டால் அந்தக் கூரை விழுந்திருக்கும் என்பதும் உண்மை. முதல் இரவுக்குத் தகும் என்ற என் தீர்ப்பில் மாற்றமில்லை.

18 நவம்பர், இரவு

அண்ணன் பதிவு செய்துவிட்டார்! ஓர் இரவு மட்டும். பழைய பகுதி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். மழைநீர்த் தொட்டி இயங்குகிறதா என்று கேட்டதற்கு விடுதிக்காரர்கள் தொட்டியின் படத்தையே அனுப்பினார்களாம். நான் தங்கிய இடம் அது இல்லை என்பதில் மகிழ்ச்சி. சென்ட்ரலில் மாலையில் ஜெய்ப்பூர் ரயில் ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகல் போகும், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். கம்பளி ஒன்று கூடுதலாக இருக்கட்டும், கல் சுவர் ஜனவரி இரவில் பகல் வெயிலை நினைவில் வைத்திருப்பதில்லை. வாசல் நிலை தாழ்வு, தலை பத்திரம். வெந்நீர் வேண்டுமென்றால் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். நீங்களே கீழே போய் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

19 நவம்பர், காலை 7.10

மகள் எடுத்த வீடியோ கிடைத்தது. நிறுத்தி நிறுத்தி எண்ணினோம். திட்டிவாசலிலிருந்து பழைய அறை வரை 91 படிகள். திட்டிவாசலின் நிலைப்படியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மனைவி சொல்கிறார். அதைத் தாண்டும்போது நான் தலையில் இடித்துக்கொண்டது வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருப்பதால், சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.